பெட்டிக்குப் பனி

கணினியை உள்ளிருந்து இயக்கும் கர்னல் மென்பொருளின் அமைப்புப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, இது வேண்டாம், அதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போவதில் ஒரு போதை இருக்கிறது. உங்களில் நாலு பேர் அதைச் செய்துகொண்டிருந்ததைக் காலையில் பின்னால் நின்று பார்த்தேன். கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல் ஒன்று போகும்போதெல்லாம் ஒருவர் மேசையை வேறு தட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நானும் மேசை தட்டியவள்தான்.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது பற்றிப் பேசச் சொல்லி, ஓய்வுபெற்று வீட்டில் கிடந்தவளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எப்படி மிச்சம் பிடிப்பது என்பதற்கு ஆவணங்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன, அதைப் படித்துக்கொள்ளுங்கள். நான் மிச்சம் பிடித்த மின்சாரத்தால் பதினொரு குடும்பங்கள் மண்ணுக்குள் போக இருந்தன. அதைச் சொல்லத்தான் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்.

கடைசியாக நான் வேலை பார்த்தது பாலக்காட்டில் எட்டே பேர் கொண்ட ஒரு சின்ன நிறுவனம். நடத்தியவன் ரஃபீக். தலைமுறை தலைமுறையாக ஜவுளி வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்து, கடைக்குப் போகமாட்டேன் என்று சண்டை போட்டு எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நாங்கள் செய்தது மழை எச்சரிக்கைப் பெட்டி. வெளியே ஒரு மழைமானி, அதற்குள் சின்னக் கிண்ணம். கிண்ணம் நிறைந்தால் கவிழும். ஒவ்வொரு முறை கவிழும்போதும் ஒரு கம்பி வழியாகப் பெட்டிக்குள் இருக்கும் கணினிக்கு ஒரு துடிப்பு போகும். துடிப்புகள் அளவுக்கு மீறினால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் கீழே இருப்பவர்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் பெட்டியின் வேலை.

முதல் பெட்டியைச் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைச் சரிவில் வைத்தோம். சரிவுக்கு அடியில் ஒரு லயம், வரிசையாகப் பதினொரு வீடு. கடைசி வீடு செல்வமேரியுடையது. கொழுந்து எடுக்கும் தொழிலாளி. பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பஞ்சாயத்து அவரிடம் கொடுத்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் மழை வலுத்தால் ஆளாளுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடுவார்களாம், வேலையும் போய் கூலியும் போய் திரும்பி வருவார்களாம். எஸ்டேட் வீடு வேலை இருக்கும்வரைதான் என்பதால் ஒரேயடியாகக் காலி செய்யவும் முடியாது. "இனி சங்கு ஊதுனா மட்டும் சர்ச்சுக்குப் போனாப் போதும், நான் பொறுப்பு" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் செல்வமேரி. அந்த வார்த்தையை நம்பித்தான் மழைக்காலத்தில் பதினொரு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

முதல் மழைக்காலத்தில் பெட்டி எங்கள் மானத்தை வாங்கியது. வெயிலே இல்லாத மூன்றாம் நாள், சூரியத் தகட்டில் ஏறும் பேட்டரி படுத்துவிட்டது. அதற்கு முன் ஒரு தடவை காரணமே இல்லாமல் சங்கு வேறு ஊதி, எல்லோரும் நனைந்துகொண்டு ஓடினார்கள். ரஃபீக் என்னிடம் வந்து, வெயில் இல்லாமல் ஐந்து நாளாவது தாங்க வேண்டும் அக்கா என்றான். ஐந்து என்ன, எட்டு நாள் நிறுத்திக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வேலை நன்றாக ஓடும்.

இரண்டு மாதம் வேறு எதையும் தொடவில்லை. திரை இல்லாத பெட்டிக்குத் திரையின் டிரைவர் எதற்கு? எடு. ஒலி எதற்கு? எடு. யூஎஸ்பி, எடு. கணினியின் மூளையான செயலி முன்பு வேலை இல்லாதபோதும் விழித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தது. அதை ஆழ்ந்த தூக்கத்தில் போட்டேன். மழைமானியின் துடிப்பு வந்தால் எழு, இல்லாவிட்டால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத் திரும்பப் படு. கடைசியில் இன்னும் ஒரு சொட்டு மிச்சம் பிடிக்க ஆசை வந்து, மின்சுற்று போர்டின் வெப்பநிலையைச் சொல்லும் உணரியின் டிரைவரையும் எடுத்துவிட்டேன். மேசை மேல் வைத்துப் பார்த்தோம். எட்டாவது நாளும் பெட்டி உயிரோடு இருந்தது. ரஃபீக் எல்லோருக்கும் அல்வா வாங்கித் தந்தான், நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கொங்குத் தமிழ். அலுவலகத்தில் நாள் முழுக்க மலையாளம். பாலக்காட்டு வெயிலில் எங்கள் போர்டுகளுக்கு வரும் நோயெல்லாம் சூடுதான். ஒரு போர்டு கொதித்தால் "இதுக்குப் பனி" என்போம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பத்து வருடமாக அப்படிச் சொல்லிச் சொல்லி, எனக்குப் பனி என்றால் சூடு என்றே ஆகிவிட்டது.

அந்தப் புது அமைப்பை மலைப் பெட்டியில் ஏற்றி, ஜூன் மாதம் பிறந்து சில நாள் ஆகியிருந்தது. செல்வமேரி போனில் கூப்பிட்டார்.

"மேடம், நான் செல்வமேரி பேசுதேன். பொட்டிக்கு ஒரே பனியா இருக்கு."

"அப்படீங்களா? ரொம்பங்களா?"

"ரொம்பத்தான். மூடி மேல கைய வச்சாலே தெரியுதுல்லா."

"எத்தன நாளாங்க?"

"நாலு நாளா. விடியும்போது கூடுதலு. மத்தியானம் கொறஞ்சிருது."

"செரிங்க மேரியம்மா, நான் பாத்துக்கறேன். நீங்க எதையும் தொறக்காதீங்க."

விடியும்போது கூடுகிற சூடு எங்காவது உண்டா? மத்தியானம் குறைகிற சூடு உண்டா? அந்த இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் பேட்டரி இறங்குகிறது, அதனால் மின்னழுத்தச் சில்லு சூடாகிறது என்று நானே ஒரு காரணத்தைச் சமைத்து, நானே சாப்பிட்டுக்கொண்டேன். சந்தேகம் தீர வெப்பநிலையைப் பார்க்கலாம் என்றால், அந்த டிரைவரைத்தான் எடுத்துத் தொலைத்துவிட்டேனே. பாலக்காட்டில் உட்கார்ந்தபடியே பெட்டியின் அமைப்பை மாற்றினேன். செயலியின் வேகத்தைக் குறைத்தேன். கால் மணிக்கு ஒருமுறை எழுவதை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினேன். நன்றாகத் தூங்கட்டும், காய்ச்சல் இறங்கும் என்று கணக்கு.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் செல்வமேரி.

"மேடம், நீங்க என்ன செஞ்சீங்களோ தெரியல, பனி முந்தியவிட ஜாஸ்தியாய்ட்டு."

"நான் கொறச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்!" என்று சிடுசிடுத்தேன்.

"கொறையலையே மேடம்" என்றார், பொறுமையாக. அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை பதினொன்றேகால் இருக்கும். பாலக்காட்டில் மேகம் மூடிக் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குப் பெட்டி அனுப்பிய செய்தி என் திரையில் அப்படியே இருந்தது. மழை பூஜ்யம், பேட்டரி நிறைவு, நிலை நலம். செல்வமேரியின் அழைப்பு வந்தது. எடுத்ததும் அவர் குரலுக்கு முன்னால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம்தான் கேட்டது.

"மேடம், இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துது. கொழுந்தெடுப்ப நிறுத்தி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பின்னாடி ஓடையில தண்ணி செவப்பா வருது. பொட்டி ஒரு சத்தமும் காட்டல. சங்கு ஊதலல்லா, சும்மா கெடங்கன்னு பாதிப் பேரு சொல்லுதாங்க. போவலாமா, இருக்கலாமா? நீங்க சொல்லுங்க."

நான் போனை மூடிப் பிடித்துக்கொண்டு ரஃபீக்கைக் கூப்பிட்டேன். அவன் திரையைப் பார்த்தான்.

"அக்கா, டேட்டா பூஜ்யம்தானே காட்டுது? போன வருஷம் சும்மா ஊதினதுக்கே அவங்க எப்படிப் பிணங்கினாங்கன்னு தெரியுமில்ல? இன்னைக்கும் வெறுதே, காரணமில்லாம எறக்கிவிட்டா, அடுத்த தடவ நெசமா ஊதும்போது ஒருத்தரும் எடத்த விட்டு அனங்க மாட்டாங்க."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. பொய்யாக ஊதும் சங்கு ஊதாத சங்கை விட மோசமானது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஒரு பக்கம் திரையில் நான் எழுதிய கர்னல் நலம் என்கிறது. இன்னொரு பக்கம் காதில் தகரம் இரைகிறது. அந்த நேரத்தில்கூட நான் கேட்ட கேள்வியைப் பாருங்கள்.

"மேரியம்மா, பெட்டி இன்னும் சூடாத்தான் இருக்குதுங்களா?"

"சூடா? சூடு எங்க மேடம் இருக்கு? ஐஸ்கட்டி கணக்காக் கெடக்கு! பனி பனின்னு எத்தன தடவ சொன்னேன்! மூடிக் கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாத் தண்ணி நிக்கி."

ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன். என் அம்மா பேசிய சொல். மார்கழி மாதம் சித்தூர் வயலில் நானே மிதித்து நடந்த பனி. அந்தம்மா நல்ல தமிழில் பனி என்று சொன்னதை, நான் காய்ச்சல் என்று கேட்டு மாத்திரை கொடுத்திருக்கிறேன். பழைய கர்னல் தூங்காமல் மின்சாரத்தை வீணாக்கியபோது, அந்த வெதுவெதுப்பில் பெட்டி உலர்ந்தே இருந்தது. நான் அதைத் தூங்க வைத்தேன், பெட்டி குளிர்ந்தது, உள்ளே பனி கோத்தது. காய்ச்சல் என்று நினைத்து இன்னும் தூங்க வைத்தேன், இன்னும் கோத்தது. மழைமானியின் கம்பி வந்து சேரும் இடத்தில் தண்ணீர் படர்ந்து துடிப்பை விழுங்கிக்கொண்டிருந்தது. கிண்ணம் கவிழ்ந்துகொண்டேதான் இருந்திருக்கும். பெட்டிக்குத்தான் அது தெரியாது.

சங்கை இங்கிருந்தே ஊத வைக்கலாம், ஆனால் பெட்டி விழித்திருந்தால்தான் முடியும். பன்னிரண்டு மணி வரை அது எழாது. ஒரு மணி நேரத் தூக்கத்தைக் கொடுத்ததும் நான்தானே. ரஃபீக்கிடம் விளக்க நேரமில்லை.

"மேரியம்மா, பெட்டி மழையப் பாக்கவே இல்லைங்க. எல்லாத்தையும் கூட்டிட்டு சர்ச்சுக்குப் போயிருங்க. இப்பவே."

"சங்கு ஊதாம வரமாட்டாங்க மேடம். சங்கு ஊதுனா மட்டும் போதும்னு நீங்கதான எழுதி ஒட்டுனீங்க?"

ஒட்டியிருந்தோம். தமிழிலும் மலையாளத்திலும், பெரிய எழுத்தில்.

"போன ஸ்பீக்கர்ல போட்டுத் தூக்கிப் புடிங்க. நானே சொல்றேன்."

செல்வமேரி மழையில் இறங்கி நடக்கும் சத்தம் கேட்டது. கதவுகளைத் தட்டிக் கூப்பிட்டார். ஆட்கள் சேரும் இரைச்சல். இந்தப் பக்கம் ரஃபீக், அக்கா யோசிச்சுப் பேசுங்க என்று சைகை காட்டினான். பெட்டி கெட்டுவிட்டது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்த மலையில் எங்கள் இரண்டு வருட உழைப்பு அன்றோடு முடியலாம். அது எனக்கும் தெரியும். தொண்டை கிழியக் கத்தினேன்.

"பெட்டி செஞ்சவ பேசறேனுங்க! பெட்டி கெட்டுப்போச்சுங்க. கெடுத்தது நான்தானுங்க. சங்கு ஊதாது. அதுக்காகக் காத்திருக்காதீங்க. மழைய நீங்க கண்ணால பாத்துட்டுத்தான இருக்கீங்க, கெளம்புங்க!"

மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஆள் குரல்.

"அப்ப இத்தன நாளும் இந்த எழவத்தான் நம்பிக் கெடந்தோமா?"

"ஆமாங்க" என்றேன்.

அதற்கப்புறம் அவர்கள் என்னைத் திட்டியதை நான் இங்கே சொல்ல மாட்டேன். திட்டிக்கொண்டேதான் கிளம்பினார்கள் என்று செல்வமேரி பிறகு சொன்னார். பயத்தைவிட கோபத்தில்தான் காலில் வேகம் இருந்ததாம். அழைப்பு துண்டித்துப் போனது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பெட்டி எழுந்தது. ஒரு விநாடி பிசகவில்லை. மழை பூஜ்யம், பேட்டரி நிறைவு, நிலை நலம். நானும் ரஃபீக்கும் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். எழுந்த அந்தச் சில விநாடிக்குள் சங்கு ஊதும் கட்டளையை அனுப்பினேன். ஊதியதா என்று தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து போன் வந்தது.

"மேடம், என் வீட்டு அடுப்படிக்குள்ள மண்ணு வந்துட்டு. பக்கத்து வீட்டுலயும். பின்பக்கம் செவுரே இல்ல. சர்ச்சு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

"ஆளுங்க? மேரியம்மா, ஆளுங்க?"

"எல்லாரும் இங்கதான் இருக்கோம். எண்ணிட்டேன். ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

நான் அழுதேன். எட்டுப் பேர் இருந்த அலுவலகத்தில், எல்லோர் முன்னாலும், மேசையில் தலையை வைத்து அழுதேன். ரஃபீக் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

மழை விட்டதும் இரண்டு பேரும் மலையேறினோம். பள்ளிவாசல் என்ற ஊரைத் தாண்டி ரோடு ஒரு இடத்தில் பாதிதான் இருந்தது. சர்ச் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பனிக் கதையைச் சொன்னபோது ஒரு பெண் சிரித்துவிட்டார், அப்புறம் சிரித்ததற்காக அவரே வாயைப் பொத்திக்கொண்டார். திரும்ப ஒரு பெட்டி வைக்க விடுவீர்களா என்று கேட்டேன். வைங்க, பாப்போம் என்றார் செல்வமேரி. வீடு போனவர் சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன சொல்வார்கள்?

எட்டு நாள் என்று எழுதியிருந்த இடத்தில் எல்லாம் ஐந்து என்று திருத்தினோம். வெப்பநிலை டிரைவரைத் திரும்பப் போட்டேன். விடியும் முன் கொஞ்ச நேரம் செயலியை வெட்டியாக ஓட வைத்தேன், பெட்டி உலர வேண்டும் என்பதற்காகவே. மின்சாரத்தை வேண்டுமென்றே வீணாக்கும் நிரலை என் கையால் எழுத வேண்டி வந்தது, எழுதினேன். தூக்கம் கால் மணிக்கு மேல் கூடாது. மழை இல்லாவிட்டால் பூஜ்யம் என்று அனுப்பும். கம்பியிலிருந்து ஒழுங்கான தகவல் இல்லாவிட்டால் தெரியவில்லை என்று அனுப்பும், அங்கே மஞ்சள் விளக்கும் எரியும். இந்த இரண்டையும் நான் முன்பு ஒன்றாகவே வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுங்கள். நீங்கள் நினைப்பது தப்பு என்று சொல்லக்கூடிய ஒன்றை எடுக்கும்போது மட்டும் கையை நிறுத்துங்கள். யாராவது தூரத்திலிருந்து கூப்பிட்டு ஒன்று சொன்னால், அதை அவர்கள் ஊரில் என்ன அர்த்தத்தில் சொல்வார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது ரஃபீக்கும் நானும் மறுபடி போனோம். மண் விழுந்த இரண்டு வீட்டையும் எஸ்டேட் பூட்டிவிட்டது. செல்வமேரிக்கு எதிர்ச் சரிவில் வேறு லயத்தில் வீடு. ஆனாலும் காலையில் கொழுந்தெடுக்கப் போகும் முன் மேலே ஏறி வந்துவிடுகிறார். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். மழைமானிக்குள் தண்ணீரை மெல்ல ஊற்றுகிறார். உள்ளே கிண்ணம் கவிழ்கிறது, பெட்டி ஒரு சின்னச் சத்தம் கொடுக்கிறது. கீழே லயத்தைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். வாசலில் நிற்பவர்கள் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள். சத்தம் வராவிட்டால் எங்களுக்குப் போன் போடுவதெல்லாம் அப்புறம்தானாம், முதலில் சர்ச்சுக்கு. இந்த ஏற்பாட்டை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

ரஃபீக்குக்கு முகம் சுருங்கிவிட்டது. ராப்பகலாகச் சோதித்துப் பார்த்து வைத்த பெட்டி அல்லவா?

"மேரி சேச்சி, இப்பவும் நம்பிக்க வரலையா?"

"நம்பாதவங்க மூணு வீட்டுக்காரங்க வேலையே வேண்டாம்னு ஊருக்குப் போயிட்டாங்க தம்பி" என்றார் செல்வமேரி. "நம்பி இங்கயே இருக்குறவதான் தெனமும் பாக்கணும்."

டம்ளரை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விட்டார்.